பணியாரக் குழியில் விழுந்த இறைச்சி உருண்டைகள்

சமைக்கவே தெரியாதவனால் யாருக்கும் ஆபத்தில்லை. ஒரே ஒரு முறை நன்றாகச் சமைத்துப் பாராட்டு வாங்கியவன்தான் ஆபத்தானவன். மலேசியாவின் ஈப்போவில் என்னோடு தங்கியிருந்த நண்பர்கள் நான் பிரட்டிய மீ கோரெங் நூடுல்ஸைப் புகழ்ந்து தொலைத்திருந்தார்கள். (பசியில் இருந்தவர்கள் சொன்னது என்பது அப்போது உறைக்கவில்லை.)

அக்கா ரெஜினா காதலித்தது வெங் என்ற சீனரை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வெங்கின் அம்மா முதன்முதலாக ஆயர் தாவாரில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவதாக ஏற்பாடு. இந்தக் குடும்பம் சரிப்படுமா என்று பார்க்கத்தான் வருகிறார் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். அந்த வாரம் முழுவதும் அக்காவுக்குச் சோறே இறங்கவில்லை.

கோழிக்கறி வைக்கிறேன் என்றார் அம்மா. நான் தடுத்தேன்.

"சீனவங்க காரம் தாங்க மாட்டாங்கம்மா. நான் இனிப்புப் புளிப்பு இறைச்சி உருண்டை செய்றேன். நீங்க சோறு மட்டும் ஆக்குங்க."

"நெசமாவே ஒனக்கு வருமாடா?"

"கவலப்படாதீங்க லா!"

உருண்டைகளைப் பொரித்த பிறகு, குழம்பில் அன்னாசி சேர்க்கச் சொன்னது நான் கைப்பேசியில் பார்த்த செய்முறை. குழம்பில் போட்டாலே ருசி என்றால், இறைச்சிக்குள்ளேயே போட்டால்? (மூளை வேலை செய்த அழகைப் பாருங்கள்.) முந்தின நாள் மாலையே பச்சை அன்னாசியை அரைத்து, கொத்திய பன்றியிறைச்சியோடு பிசைந்து, குளிர்பெட்டியில் வைத்துவிட்டேன்.

மறுநாள் திறந்தால் இறைச்சியைக் காணோம். கிண்ணம் நிறையக் கஞ்சி. பச்சை அன்னாசி இறைச்சியைக் கரைத்துவிடும் என்பது ஆயர் தாவாரில் எனக்கு மட்டும்தான் தெரியாதாம். சோள மாவைக் கொட்டி, எப்படியோ உருட்டி எண்ணெயில் விட்டேன். விட்ட வேகத்தில் உருண்டை பிரிந்து, சட்டி முழுக்க நுரை பொங்கியது. அந்த நேரம் பார்த்து வாசலில் கார் வந்து நின்றது.

வெங்கின் அம்மா வணக்கம் சொல்லிவிட்டு, வாசனை பிடித்தபடி நேரே சமையலறைக்கு வந்தார். அடுப்பைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"காரி தாக் அடா கா?" (கறிக்குழம்பு இல்லையா?)

"கறி சாப்பிடணும்னே பசியாறாம வந்திருக்காங்கடா!" என்றாள் அக்கா, கண்ணில் நீர் முட்ட. அம்மா என்னைப் பார்த்த பார்வையை எழுத்தில் கொண்டுவர முடியாது.

இறைச்சி உருள மாட்டேன் என்கிறது. சரி, உருளாத மாவை உருண்டையாக்க நம் வீட்டில் ஒரு பாத்திரம் இருக்கிறதே! பணியாரச் சட்டியை எடுத்து அடுப்பில் ஏற்றி, குழிகளில் எண்ணெய் விட்டு, கஞ்சியைக் கரண்டியால் ஊற்றினேன். வெங்கின் அம்மா நாற்காலியை இழுத்துப்போட்டு எதிரிலேயே உட்கார்ந்துகொண்டார். அடிப்பக்கம் சிவந்ததும் குச்சியால் திருப்பினேன். பதற்றத்தில் கொஞ்சம் பலமாகவே நெம்பிவிட்டேன் போலிருக்கிறது. ஒரு உருண்டை துள்ளிப் பறந்து, அவருடைய வெள்ளைப் பட்டுச் சட்டையில், சரியாக நெஞ்சில் போய் விழுந்தது.

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

அவர் நிதானமாக அதை எடுத்தார். ஊதினார். வாயில் போட்டு மென்றார்.

"லாகி" என்றார். இன்னும் வேண்டுமாம்!

அதன்பிறகு யார் என்னைப் பிடிக்க முடியும்? அத்தனையையும் சுட்டெடுத்து, எண்ணெயில் ஒருமுறை முறுகவிட்டு, அன்னாசியும் புளிப்புக்குக் காடியும் சீனியும் தக்காளி சோஸும் கொதித்த குழம்பில் புரட்டிப் பரிமாறினேன். வெளியே மொறுமொறுப்பு, உள்ளே பஞ்சு. அம்மாவே இரண்டாம் முறை போட்டுக்கொண்டார். (வாயால் பாராட்டவில்லை, அதெல்லாம் எங்கள் வீட்டு வழக்கமில்லை.)

அக்காவின் கல்யாணம் தேவாலயத்தில் நடந்தது. விருந்தில் கோழிக்கறியும் இருந்தது. இப்போது ஒவ்வொரு சீனப் பெருநாளுக்கும் ஈப்போவில் அவர்கள் வீட்டு அடுப்படி என்னுடையது. எனக்கென்றே ஒரு பணியாரச் சட்டி வாங்கி வைத்திருக்கிறார் வெங்கின் அம்மா. நான் குச்சியைக் கையில் எடுத்ததும் ஒரு தாம்பாளத்தைக் கேடயம்போல் நெஞ்சில் பிடித்துக்கொண்டு, வந்த சொந்தக்காரர்களிடம் மலாயும் கண்டனீசும் கலந்து என்னை அறிமுகப்படுத்துவார்:

"மற்ற வீடுகளில் வாயால் சம்பந்தம் பேசுவார்கள். இவன் என் மேல் இறைச்சியை எறிந்து பேசி முடித்தான்."