மாப்பிள்ளை வீட்டார் முன்னிலையில் என் வானொலி உரை

நான் வானொலியில் பேசியது வாழ்க்கையில் ஒரே ஒரு முறை. பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்தில் என் அக்காவின் கல்யாணத்தை ஏறக்குறைய நிறுத்திவிட்டேன். வேண்டுமென்று செய்யவில்லை, அறிவாளி என்று பெயர் வாங்கும் ஆசையில் செய்தது.

தொண்ணூறுகளின் நடுவில் கோவையில் பி.ஏ. இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். வீடு சிங்காநல்லூர். அப்பாவுக்கு மோட்டார் காயில் கட்டும் பட்டறை. எங்கள் தெருவுக்குக் கேபிள் வந்த புதிது, தெருவே டிவி முன்னால் உட்கார்ந்திருந்த காலம். அப்போதுதான் வானொலியின் இளைஞர் நிகழ்ச்சிக்குப் பேச எங்கள் கல்லூரியில் ஆள் கேட்டார்கள். தலைப்பு: 'அன்றாட வாழ்வில் தொலைக்காட்சி, ஒரு மாணவியின் சிந்தனைகள்.' நான் முந்திக்கொண்டு கையைத் தூக்கினேன். (சிந்தனை என்று ஏதாவது இருக்கிறதா என்று யாரும் சோதித்துப் பார்க்கவில்லை.)

எழுதிக் கொண்டுபோனதை நிகழ்ச்சி அதிகாரி படித்துவிட்டு, "நல்லாருக்குதும்மா. ஆனா பஞ்சாயத்து போர்டு நோட்டீஸாட்ட இருக்குது. உனக்குத் தெரிஞ்ச மனுசங்களப் பத்தி எழுதிக் கொண்டா" என்றார். எனக்கு நன்றாகத் தெரிந்த மனிதர்கள் மொத்தமே மூன்று பேர். மூன்று பேரும் எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். 'எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில்' என்று ஆரம்பித்துவிட்டால் ஒருவருக்கும் தெரியாது என்று நம்பி எழுதித் தள்ளினேன். அதிகாரி விழுந்து விழுந்து சிரித்தார். ஒலிப்பதிவும் ஆனது. வீட்டில் கேட்டதற்கு, "டிவியோட நன்மை தீமை" என்று மட்டும் சொல்லிவைத்தேன்.

ஒலிபரப்பு, ஞாயிறு மதியம் மூன்றரை மணிக்கு என்று தபால் வந்தது. அதே ஞாயிறு மூன்று மணிக்கு என் அக்கா சுமதியைப் பெண் பார்க்கத் தாராபுரத்திலிருந்து வருவதாகவும் முடிவானது. எனக்கு ஒரே குஷி. அந்த அமளியில் ரேடியோ யாருக்கு ஞாபகம் வரப்போகிறது?

இங்கே அக்காவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அதற்கு முன் நான்கு இடம் வந்து போயிருந்தது. நான்கையும் தட்டிவிட்டது அவள்தான். ஒருவர் காபியைச் சத்தமாக உறிஞ்சினாராம், இன்னொருவருக்குச் செருப்பு சரியில்லையாம். தாராபுரத்து மாப்பிள்ளையின் போட்டோவை மட்டும் பார்த்துவிட்டு ஒரு குற்றமும் சொல்லவில்லை. போட்டோ அவளுடைய தையல் நோட்டுக்குள் போய்விட்டது. அம்மா ஜாடையாகக் கேட்டபோது, "இந்த எடம் கூடிவந்துச்சுன்னா நல்லாருக்குமுங்கம்மா" என்றாள். அவள் அப்படிக் கேட்டு நான் பார்த்ததே இல்லை.

மூன்று பேர் வந்தார்கள். மாப்பிள்ளை, அவருடைய அம்மா, தாய்மாமன். மாமன் கலகலப்பானவர். அந்த அம்மா நேர்மாறு. நிமிர்ந்து உட்கார்ந்தார், கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார். அக்கா காபி கொடுத்துவிட்டு உள்வாசல் ஓரமாகப் போய் நின்றாள். மாப்பிள்ளை சத்தமில்லாமல் காபி குடித்தார். எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது.

அப்போதுதான் அப்பா கடிகாரத்தைப் பார்த்தார். "ஏனுங்க, எங்க சின்னப் பாப்பா இன்னைக்கு ரேடியோவுல பேசுதுங்க!"

"ரேடியோ ரிப்பேருங்கப்பா" என்றேன்.

"நேத்துத்தான புது பேட்டரி போட்டேன்?"

"குடுங்க, நாம பாத்துப்போடலாம்" என்று மாமன் ரேடியோவை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். அந்த ரேடியோ வாங்கிய நாளிலிருந்து அவ்வளவு தெளிவாகப் பாடியதில்லை. பாழாய்ப்போன மனுஷன்!

என் குரல் கணீரென்று வந்தது. "எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டிக்கு இரண்டு கிளிகளைப் பின்னிய துணியைப் போர்த்தி வைத்திருக்கிறார்கள். அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குக்கூட அப்படியொரு போர்வை கிடையாது."

மாமன் சிரித்துக்கொண்டே தலையைத் திருப்பினார். எதிரே எங்கள் டிவி. அதன்மேல் ஒரு கிளி. பக்கத்தில் இன்னொரு கிளி.

"அந்த வீட்டுத் தலைவர், செய்தி வாசிப்பவர் வணக்கம் சொன்னால் பதிலுக்குக் கைகூப்புவார். ஒருநாள் வெறும் உடம்போடு இருந்தபோது வணக்கம் வந்துவிட்டது. உள்ளே ஓடிப்போய்ச் சட்டை மாட்டிக்கொண்டு வந்து கும்பிட்டார்."

அப்பாவின் முகத்தில் இருந்த பெருமை மெல்ல இறங்கியது. "நிறுத்திப்போட்டு நாம பேசலாமுங்களே" என்று கையை நீட்டினார்.

"இருக்கட்டுமுங்க. பாப்பா நல்லாத்தான பேசுது."

"இல்லீங்க, உங்களுக்குத் தொந்தரவா..."

"அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. இருக்கட்டுமுங்க."

எங்கள் பக்கத்து மரியாதையை அறிந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்க வேண்டாம். வந்த சம்பந்தக்காரர் 'இருக்கட்டுமுங்க' என்று சொன்னபின் அவர் மடியிலிருக்கும் ரேடியோவைப் பிடுங்கி அணைக்க எங்கள் சனத்தில் ஒருவருக்கும் கை வராது. வீடு பற்றி எரிந்தாலும், "கொஞ்சம் எந்திரிக்கிறீங்களாங்க" என்றுதான் கேட்போம்.

ரேடியோவில் என் பேச்சு அடுத்து எங்கள் அம்மாவிடம் வந்தது. "தொடர் ஓடும்போது விருந்தாளி வந்தால் அந்த வீட்டு அம்மா முதல் விளம்பரத்தில் பால் காய்ச்சுவார். இரண்டாம் விளம்பரத்தில் டிகாஷன் ஊற்றுவார். சர்க்கரை போடுவதற்குள் தொடர் ஆரம்பித்துவிட்டால் அது விருந்தாளியின் தலையெழுத்து." மாப்பிள்ளை தன் டம்ளருக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டார். (சர்க்கரை இருந்தது. ஞாயிறு மதியம் தொடர் கிடையாது.) அம்மா என்னைப் பார்த்த பார்வையை நான் இங்கே எழுதப்போவதில்லை.

அடுத்து என்ன வரும் என்பது அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். எழுந்து ரேடியோ பக்கம் பாய்ந்தேன். "உக்காரு கண்ணு, உன்ர பேச்சக் கேக்க உனக்கே வெக்கமா?" என்று மாமன் என் கையைத் தட்டிவிட்டார்.

"அந்த வீட்டில் ஓர் அக்கா. தொடரில் மாமியார் கொடுமையைப் பார்த்துவிட்டுத் தட்டைத் தள்ளி வைத்து அவள் சொல்வாள்..." இந்த இடத்தில் அக்காவின் குரலிலேயே நான் நடித்தும் காட்டியிருந்தேன். "'இப்புடி ஒரு மாமியா எனக்கு வாச்சா, மூணாம் நாளு கெணத்துல தள்ளிப்போடுவேன்!'"

பிறகு ஏதோ முடிவுரை. இதுவரை பேசியவர் சிங்காநல்லூரைச் சேர்ந்த இன்னார் என்று அறிவிப்பாளர் என் பெயரையும் தவறாமல் சொன்னார். அடுத்ததாகப் பருத்தியில் காய்ப்புழுவை ஒழிப்பது எப்படி என்று ஒருவர் பேசத் தொடங்கினார். மூன்று நிமிடம் நாங்கள் எல்லோரும் காய்ப்புழுவைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தோம். அக்காவின் கண்ணில் தண்ணீர் நிறைந்து நின்றது. இந்த இடம் போயிற்று, போக்கியவள் நான்தான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

மாப்பிள்ளையின் அம்மா டம்ளரைக் கீழே வைத்தார். "ஏனம்மணி, நீ சொன்னதா அது?"

'இல்லைன்னு சொல்லுடி' என்று எல்லாச் சாமியையும் வேண்டிக்கொண்டேன்.

"ஆமாங்க" என்றாள் அக்கா.

"எங்க ஊட்லயும் கெணறு இருக்குது. எம்பதடி."

அந்த அம்மா அக்காவை ஏற இறங்கப் பார்த்தார்.

"அதென்ன கண்ணு மூணாம் நாளு? மொத ரெண்டு நாளு என்ன பண்ணுவ?"

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ரெண்டு நாளும் தன்மையாச் சொல்லிப் பாப்பேனுங்க அத்தை."

அந்த அம்மாவின் தோள் குலுங்கியது. அழுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். சிரிப்பு! முந்தானையை வாயில் வைத்து அடக்கப் பார்த்து முடியாமல் வாய்விட்டே சிரித்தார். "என்ர மாமியாகிட்ட நானு பதினெட்டு வருசம் தன்மையாவே சொல்லிட்டிருந்தேன் அம்மணி. ரெண்டு நாளே போதுமாட்டத்தான் இருக்குது" என்றார்.

"அப்பறமென்னுங்க, புள்ள அத்தைன்னே கூப்புட்டுப்போட்டா" என்றார் மாமன். வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டார்கள். அக்கா என்னோடு பேசாமல் இருந்தது சரியாக இரண்டு நாள். மூன்றாம் நாள் காலை, தூங்கிக்கொண்டிருந்த என் தலையில் ஒரு குடம் தண்ணீரைக் கவிழ்த்தாள்.

போன மாதம் அக்காவின் மகனுக்குக் கல்யாணம். மண்டபத்தில் அக்காவின் மாமியாரான அந்த அத்தை புது மருமகளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்து, என்னைக் கைகாட்டி, "ரேடியோக்காரிகிட்ட அந்தக் கதையைக் கேளு" என்றார். பந்தியைப் பாதியில் விட்டுவிட்டு, என் பத்து நிமிட உரையை நான் மறுபடி நிகழ்த்த வேண்டியதாயிற்று. பெண் அடக்கமாகத் தலைகுனிந்து கடைசிவரை கேட்டாள். பிறகு என் அக்கா பக்கம் திரும்பி, அவ்வளவு தன்மையாகக் கேட்டாள்:

"அந்தக் கெணறு இன்னும் இருக்குதுங்களா அத்தை?"