பத்துக்கு மூன்று

"ரொம்ப நன்றி சார். உங்க பத்திரிகையைப் பாத்துட்டு இந்த வாரம் மட்டும் நாப்பது பேர் சேர்ந்திருக்காங்க."

தொலைபேசியை வைத்தபோது விமர்சகருக்குக் காது சூடேறியிருந்தது. மற்றவர்கள் பணத்தை வாங்கிப் பங்குச் சந்தையில் வியாபாரம் செய்து தருவதாகச் சொல்லும் நிறுவனங்களுக்கு, ஒரு முதலீட்டுப் பத்திரிகையில் மாதாமாதம் மதிப்பெண் போடுவது அவர் வேலை. நன்றி சொன்ன நிறுவனத்துக்கு அவர் போட்டிருந்தது பத்துக்கு மூன்று.

"நக்கல் பண்றான்," என்று ஆசிரியரிடம் போய்ப் பொருமினார். "நஷ்டம் வந்த மாசத்தையெல்லாம் மறைச்சிருக்கான். ஆடிட்டர் கையெழுத்து எங்கன்னு கேட்டா வழவழன்னு காலண்டர் அனுப்புறான். நஷ்டமானாலும் கமிஷன் உண்டாம். பணத்தைத் திருப்பிக் கேட்டா ஆறு மாசம் பொறுக்கணுமாம். இவனுக்கு மூணே அதிகம்."

அடுத்த இதழில் இரண்டாகக் குறைத்தார். ஏன் என்று இரண்டு பக்கத்துக்கு விளாசியிருந்தார்.

நூற்றிருபது பேர் சேர்ந்தார்கள். நிறுவனத்திலிருந்து பூங்கொத்து வந்தது. ஆசிரியர் அதை ஓரக்கண்ணால் பார்த்தார்.

"உண்மையைச் சொல்லுய்யா. அவங்ககிட்ட ஏதாவது வாங்குறியா?"

பதினெட்டு வருஷமாக எந்த நிறுவனத்திலும் ஒரு வாய் டீ கூடக் குடிக்காத மனிதர் அவர். அன்று மதியம் சாப்பாடு இறங்கவில்லை.

எழுதுவதை எவனும் படிப்பதில்லை, அதுதான் கோளாறு என்று முடிவுக்கு வந்தார். விளக்கத்தை நாலு வரியாக வெட்டினார். பக்கம் வடிவமைக்கும் பெண்ணின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "இன்னும் பெருசா, இன்னும் பெருசா," என்று நச்சரித்து, நிறுவனத்தின் பெயருக்கு எதிரே உள்ளங்கை அகலத்துக்கு ஒரே ஒரு எண்ணைப் போடவைத்தார்: 1.

இதழ் வெளிவந்த மறுநாள் காலை, அந்த நிறுவனத்தின் வாசலிலிருந்து தெருமுனை வரை வரிசை நின்றது. பேருந்து ஜன்னல் வழியே அவர் தலைகளை எண்ணினார். ஏழாவது ஆளாக நின்றது அவர் மனைவியின் தம்பி. கையில், தன் கடையை விற்று வந்த பணத்துக்கான காசோலை.

இறங்கி ஓடிப்போய்ச் சட்டையைப் பிடித்தார்.

"மூணு மாசமா தொண்டை கிழியக் கத்துறேன். ஊர்ல எவனும் கேக்கலைன்னாலும் வீட்டு ஆளு நீ கேக்க வேணாமா? நான் போட்டதைப் பாத்தியா, இல்லையாடா?"

"பாத்துட்டுத்தானே மாமா வந்தேன்," என்றான் அவன், கசங்கிய சட்டையை நீவிவிட்டபடி. "மூணாவது எடத்துல இருந்தவனை ரெண்டாவதாக்கி, இந்த மாசம் முதலிடம்னு நீங்களே இவ்ளோ பெருசா போட்டப்புறம், நான் வேற எங்க போறது?"