பூனை அண்ணாச்சியும் ரெண்டு கதவும்

மணிமுத்தாறு அருவியில வெள்ளம் வந்து கம்பியெல்லாம் பேத்துக்கிட்டுப் போச்சுல்லா, அதுக்கு அடுத்த மாசம் நடந்தது இது. என்ன மாசம்னு கேக்காதீங்க. வெள்ளம்தான் ஞாபகம் இருக்கு.

பூனை அண்ணாச்சி மாதிரி தரைக்கு வலிக்காம நடந்த மனுசன் இந்தத் திருநெல்வேலிச் சீமையிலயே கிடையாது. பாளையங்கோட்டையில மருந்து சோதிக்குத ஒரு கூடம். அங்கன அவரு ஊசி பிடிக்கவரு, நான் குப்பி கழுவுதவன். கண்ணாடி ஊசி, முடிய விட மெல்லிசு. அத உயிருள்ள செல்லு மேல ஒட்ட வைப்பாரு. செல்லுல கண்ணுக்குத் தெரியாத கதவு இருக்காம். உப்பு போக வர. வலிக்கு ஒரு கதவு, நெஞ்சு துடிக்க ஒரு கதவு. வலிக்கதவ அடைக்குத மருந்து நெஞ்சுக்கதவத் தொடக்கூடாது. அதுதான் சோதனை. பள்ளிக்கூடம் போகாத எனக்கே விளங்குத மாதிரி சொன்னது அவருதான். அதுலயும் எனக்குப் பொறாமை.

ஊசி ஆடிரும்னு எல்லாரையும் செருப்பக் கழத்த வச்சாரு. தும்மணும்னா தெருவுக்குப் போகணும். கூடத்த நடத்துத டாக்டரம்மாவே வளையலக் கழத்திட்டுத்தான் உள்ள வருவாங்க. ஒரு நாளு என்னப் பாத்து, "கோயில் யானை கூட பைய நடக்கு. நீரு என்னவே களத்துல நெல்லு மிதிக்க மாதிரி வாரீரு?"ன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க.

அவருக்கு ஏசி ரூமு, முத டீ. டாக்டரம்மா, "அண்ணாச்சி கை கைதான்"ம்பாங்க. என் குப்பிய ஒரு ஆளு பாத்ததில்ல. பளபளன்னு கழுவிக் காட்டுவோம்னு, வீட்டுல பொம்பள ஒளிச்சு வச்சிருந்த எலுமிச்சைச் சோப்பக் கொண்டு போயித் தேச்சேன். காய்ச்சி வடிச்ச தண்ணி தவிர எதுவும் படக்கூடாதுன்னு அவரு படிச்சுப் படிச்சுச் சொல்லியிருந்தாரு. அவரு சொன்னா நான் கேக்கணுமாக்கும்.

மறுநாளு மருந்து ரெண்டு கதவையும் அடைச்சிட்டு. மூணு வருசப் பாடு. டாக்டரம்மா சோர்ந்துபோயி, "மருந்து சரியில்ல அண்ணாச்சி. விட்டுருவோம்"னாங்க.

"பொறுங்கம்மா. மருந்தே இல்லாம வெறும் உப்புத்தண்ணிய விட்டுப் பாப்போம்."

நான் கழுவுன இன்னொரு குப்பியில உப்புத்தண்ணி ஊத்தி விட்டாரு. அதுக்கும் ரெண்டு கதவும் அடைஞ்சிட்டு. குப்பிய மோந்து பாத்தாரு. பைய என்னப் பாத்தாரு. அறுபத்தஞ்சு வயசுல எனக்கு வேற எவன் வேலை தருவான்?

"நேத்து நான் சோப்புக் கையோட குப்பியத் தொட்டுட்டேம்மா"ன்னாரு.

டாக்டரம்மா அவர ஏசுனது அன்னைக்கு ஒரு நாளுதான். புதுக் குப்பியில மருந்த மாத்தி விட்டாங்க. வலிக்கதவு அடைஞ்சுது. நெஞ்சுக்கதவு அதுபாட்டுக்குத் தெறந்து மூடுச்சு.

வெளிய வந்ததும், "என் பழிய நீரு ஏன்வே எடுத்தீரு?"ன்னேன்.

"நாலு வருசமா உம்ம குப்பி ஒரு நாளும் என் ஊசியக் கெடுத்ததில்ல. ஒத்த நாளுக்காக உம்ம எப்படிவே மாட்டி விட?"

அப்ப என் குப்பிய அவரு தினம் பாத்திருக்காரு. நல்ல மனுசனா இருக்கதுலயும் அவருதான் முந்திக்கிட்டாரு. பொறாமை கூடித்தான் போச்சு.

அவரு இப்ப மக வீட்டோட வெளியூரு போயிட்டாரு. டாக்டரம்மாவ யாராவது பாத்தீங்கன்னா ஒண்ணு சொல்லிருங்க. அந்தச் சோப்பு நான் போட்டது. அண்ணாச்சி கை சுத்தமான கை.