கம்பங்களுக்குப் புரொபேஷன் போட்ட அண்ணாச்சி

டில்லியில் சர்க்கார் உத்தியோகம் பார்த்த தமிழர்களில் மேலதிகாரியை நடுங்க வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரே ஃபைலை ஒன்பது வருடம் ஓட்டியவரையும் பார்த்திருக்கிறேன். ஆனால் மரக்கட்டைக்குப் புரொபேஷன் போட்டவர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் கீழ்வீட்டு அண்ணாச்சி.

எழுபதுகளின் நடுவில் கரோல் பாகில் ஒரு பஞ்சாபி அம்மாளின் வீட்டில் மாடியில் நாங்கள் குடியிருந்தோம். கீழே ஓர் அறையில் அண்ணாச்சி. திருநெல்வேலிக்காரர், தனிக்கட்டை. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களை நிரந்தரமாக்கலாமா, வேண்டாமா என்று கோப்பில் எழுதுவதுதான் இருபது வருடமாக அவருக்கு ஆபீஸில் வேலை. அசல் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. 'புரொபேஷன் அண்ணாச்சி' என்றால் தெருமுனைப் பான் கடைக்காரன்கூட வழி சொல்வான்.

வீட்டுக்கு நடுவில் முற்றம். மாடியில் எங்கள் அறை வாசலை ஒட்டி, முற்றத்தைப் பார்த்தபடி ஆறடி நீளத்துக்கு ஒரு நடை; அதன் விளிம்பில் மரக் கைப்பிடி. ஒரு பிப்ரவரி ஞாயிற்றுக்கிழமை என் மனைவி ரஜாயை, அதாவது குளிருக்குப் போர்த்தும் பஞ்சு மெத்தையை, வெயிலில் உலர்த்த அதன்மேல் விரித்தாள். ரஜாய், கைப்பிடி, அதைத் தாங்கிய கம்பங்கள் எல்லாம் ஒரே குடும்பமாக, எல்லோரும் பீஜி என்றழைத்த வீட்டுக்கார அம்மாள் உலர்த்தியிருந்த அப்பளங்கள்மேல் போய் இறங்கின. கம்பங்களுக்குள் எங்களுக்கு முன்பே கரையான் குடிவந்திருந்தது.

எங்கள் பெண்ணுக்கு அப்போது ஏழு மாதம். அறையில் எங்கே விட்டாலும் அந்த விளிம்பை நோக்கித்தான் தவழ்வாள். அவள் நடக்க ஆரம்பிப்பதற்குள் கைப்பிடி வந்தாக வேண்டும். "மரம் என் பொறுப்பு, வேலையை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார் பீஜி. நான் அண்ணாச்சியைத் துணைக்கு அழைத்தேன். முப்பத்தைந்து வருட சர்வீஸில் விதிகளைப் படிக்காமல் நான் செய்த நியமனம் அது ஒன்றுதான்.

முதல் காரியமாக, கம்பத்துக்குக் கம்பம் எவ்வளவு இடைவெளி என்று முடிவுசெய்ய, என் பெண்ணின் தலையை நூலால் அளந்தார். "பாப்பா தலை நுழையக் கூடாது தம்பி. மத்ததெல்லாம் அலங்காரம்." கணக்குப்படி பதினோரு கம்பங்கள். அவர் பதிமூன்று என்றார். இரண்டு வெயிட்டிங் லிஸ்ட்.

பிறகு கீர்த்தி நகர் மரக்கடைகளில் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள். ஒவ்வொரு கட்டையையும் துப்பாக்கி போலக் கண்ணுக்கு நேரே பிடித்து வளைவு பார்ப்பார். ஒட்டுப்போட்டதா, ஒரே மரமா என்று நகத்தால் கீறுவார். தேவதாருவை முகர்ந்தார். "வாசனை நல்லாத்தான் இருக்கு. உடம்புல சதை இல்லியே." சால் மரத்தை முறைத்தார். "முரட்டுப் பய. இன்னிக்கு நிப்பான், நாளைக்கு முறுக்கிக்கிடுவான்."

மூன்றாவது வாரம் கடைக்காரருக்குப் பொறுமை போயிற்று. "பாபுஜி, லக்டி லேனி ஹை யா ரிஷ்தா கர்னா ஹை?" மரம் வாங்க வந்தீரா, சம்பந்தம் பேச வந்தீரா என்கிறார்.

அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார். "சம்பந்தம்னா ஜாதகத்தோட விட்டுருவேன்னு சொல்லுங்க, தம்பி."

கடைசியில் ஷீஷம் தேறியது. பதிமூன்றும் கடைசல் பட்டறைக்குப் போய் உருண்டு திரண்டு வந்து சேர்ந்தன. நான் ஒன்றைத் தோளில் தூக்கினேன்.

"எங்க கொண்டு போறீய?"

"மேலே. பொருத்தத்தான்."

"நல்லாருக்கே! நேத்து வந்தவனை இன்னிக்கே நிரந்தரமாக்குவீயளா? ஆறு மாசம் கிடக்கட்டும். ஒரு வெயில், ஒரு மழை. ரெண்டுலயும் விரியாம, வளையாம நின்னான்னா ஆர்டர் போடுதேன்."

"அண்ணாச்சி," என்றாள் மாடியிலிருந்து என் மனைவி, "உங்க கம்பம் நிரந்தரமாறதுக்குள்ள என் பொண்ணு காலேஜுக்கே நடந்து போயிடுவா."

விதி தெரிந்தவன் என்ற முறையில் நான் ஒரு வழி சொன்னேன்: அதுவரை தற்காலிக ஏற்பாடாகக் கயிற்றுக் கட்டிலைப் பக்கவாட்டில் நிறுத்தி வைக்கலாம். அண்ணாச்சிக்கு முகம் சுருங்கியது. "அட்ஹாக்குல வச்சவன் எவன் தம்பி எந்திரிச்சுப் போயிருக்கான்? ரிட்டயராவுற வரைக்கும் அங்கனயேதான் நிப்பான்." ஆனாலும் கட்டிலை அவரே தூக்கி வந்து கட்டினார்.

கம்பங்கள் அவர் அறையில் சுவரோரம் நின்றன. ஒவ்வொன்றுக்கும் சாக்குக்கட்டியால் எண். எண்ணுக்கு ஒரு பக்கமாக ஒரு நோட்டு. ஒரு நாள் புரட்டிப் பார்த்தேன். 'எண் 4: நடத்தை திருப்தி. எண் 9: இடப்பக்கம் லேசாகச் சாய்கிறார். வாய்மொழியாக எச்சரிக்கப்பட்டது.'

சிரித்தேன். மே மாதத்து அனல் காற்று வீசியபோது சிரிப்பு நின்றது. ஒன்பதும் பன்னிரண்டும் மேலிருந்து கீழ்வரை விரிந்தன. அன்றே இரண்டையும் வேலையிலிருந்து டிஸ்சார்ஜ் செய்துவிட்டார். நோட்டைத் திறந்து என் மடியில் வைத்துவிட்டுப் போனார்.

ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை என் பெண் கயிற்றுக் கட்டிலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். பெற்றவர்கள் கைதட்ட வேண்டிய தருணம். கட்டில் அவளோடு சேர்ந்து முற்றத்தின் பக்கம் சாய்ந்தது. என் மனைவி பாய்ந்து, குழந்தையின் சட்டையைக் கொத்தாகப் பிடித்து இழுத்தாள்.

நேரே கீழே போய், குழந்தையை அண்ணாச்சியின் அறையில் கம்பங்களுக்கு நடுவே உட்கார வைத்தாள். "இவளும் இங்கேயே இருக்கட்டும் அண்ணாச்சி. எல்லாரையும் சேர்த்து நீங்களே பார்த்துக்குங்க."

அண்ணாச்சி நோட்டைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார். இன்னும் ஒரு மழைக்காலம் பாக்கி. குழந்தை ஏழாம் எண் கம்பத்தை நக்கிக்கொண்டிருந்தது.

விதியைத் தளர்த்தலாம், ஆனால் காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும். இது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். பேனாவைத் திறந்து பதினோரு பக்கங்களிலும் ஒரே வரியை எழுதினார்: 'பாப்பா எழுந்து நின்றுவிட்டபடியால்.' கீழே கையெழுத்து, தேதி.

மறுநாள் மிஸ்திரி வந்தார். தளத்தில் துளை, கம்பத்தடியில் இரும்பு முளை, சுற்றிலும் சிமெண்ட், மேலே குறுக்காகக் கைப்பிடி. ஒவ்வொரு கம்பத்துக்கும் அண்ணாச்சி தூக்குக்குண்டு பிடித்து நேர் பார்த்தார். சிமெண்ட் இறுக நான்கு நாள் ஈரச் சாக்கு சுற்றிவைத்தார். ஐந்தாம் நாள் அறைக்குள்ளிருந்து குனிந்து ஓடிவந்து ஒவ்வொன்றின் மேலும் தோளால் மோதினார். மிஸ்திரி காதைப் பொத்திக்கொண்டார். "அரே, மரோகே பாபுஜி!" செத்துத் தொலைவீர் என்கிறார். ஒன்றும் அசையவில்லை. அண்ணாச்சியின் தோள்தான் ஒரு வாரம் வீங்கிக் கிடந்தது.

அன்று மாலை என் பெண்ணை நடையில் இறக்கிவிட்டோம். கம்பத்துக்குக் கம்பம் கைமாற்றிக்கொண்டு கோடிவரை போனாள். கீழே எட்டிப் பார்த்தேன். முற்றத்தில், அவளுக்கு நேர் கீழே, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு அண்ணாச்சி நின்றிருந்தார். அவள் நகர்ந்தால் அவரும் நகர்ந்தார்.

"என்ன அண்ணாச்சி, கம்பத்து மேல சந்தேகமா?"

"கம்பத்து மேல என்ன சந்தேகம்? பொருத்தினது நாம்லா, அதான்."

அந்த மழைக்காலம் முடியும்வரை, ஆபீஸிலிருந்து வந்ததும், அவள் உள்ளே போகிறவரை அங்கேதான் நின்றார். மழை பெய்த நாட்களில் குடை பிடிக்க மாட்டார். இரண்டு கையும் காலியாக இருக்க வேண்டுமாம்.