உள்ளூர்வாசி வேலைக்கு ஆள் தேவை

உலகத்தில் மனிதன் குடியிருக்க லாயக்கான நாடு வியட்நாம் ஒன்றுதான். இந்த மகத்தான உண்மை, இங்கேயே பிறந்து வளர்ந்த எங்களுக்குத் தெரியாமலே இருந்தது. மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்த வெளிநாட்டார்தான் எங்கள் கண்ணைத் திறந்தார்கள். "எல்லாமே கொள்ளை மலிவு!" என்று அவர்கள் பூரித்தபோது, டாநாங் கடற்கரையை ஒட்டிய எங்கள் சந்தே நெஞ்சை நிமிர்த்தியது. சந்துத் தலைவன் என்ற முறையில் நான் கொஞ்சம் கூடுதலாகவே நிமிர்த்தினேன்.

அவர்கள் "மலிவு, மலிவு" என்று சொல்லச் சொல்ல வாடகை ஏறியது. லுவா அக்கா இருபது வருஷமாகக் குடியிருந்து, வாசலில் மீ குவாங் நூடுல்ஸ் விற்ற வீடு என்னுடையதுதான். ஆனால் வாடகையை ஏற்றியது நான் இல்லை, நாட்டின் வளர்ச்சி. நான் கையெழுத்து மட்டும் போட்டேன். அக்கா மூட்டை முடிச்சோடு மலையடிவாரத்துக்குப் போனாள். அந்த வீட்டுக்குக் கனடாக்காரர் வெஸ்லி குடிவந்தார். எங்கள் பாஷையை அவர் கற்றுக்கொண்டதே அக்காவின் கடை முக்காலியில்தான்.

ஆறே மாதத்தில் பேராபத்து வந்தது. பழைய ஆட்கள் எல்லாரும் போய்விட்டதால் சந்தில் 'அசல் வாழ்க்கை' தீர்ந்துபோனது. "நூடுல்ஸ் வாசனை எங்கே? வாசல் சண்டை எங்கே? கரோக்கே பாட்டுக் கூச்சல் எங்கே?" என்று வெளிநாட்டார் கொதித்தார்கள். கரோக்கேயை நிறுத்தச் சொல்லி மனு கொடுத்தவர்களும் அவர்களேதான். அவசரக் கூட்டம் போட்டோம். 'உள்ளூர்வாசி' என்றொரு பதவியை உருவாக்கினோம். காலையில் வந்து வாசலில் உட்கார வேண்டும், கீரை ஆய வேண்டும், போகிறவர் வருகிறவரை அன்போடு திட்ட வேண்டும். சாயங்காலம் வீட்டுக்குப் போய்விடலாம்.

நேர்முகத் தேர்வு வெஸ்லி வீட்டில் நடந்தது. லுவா அக்கா இரண்டு பஸ் மாறி வந்து சேர்ந்தாள். வெஸ்லி, ஜெர்மனி அம்மாள் ஊட்டே, நான் ஆகிய மூவர் குழு கேள்வி கேட்டது.

"அனுபவம் உண்டா அக்கா?" என்று வெஸ்லி ஆரம்பித்தார்.

"எதுல தம்பி?"

"இந்தச் சந்துல வாழ்ந்ததுல."

"நீ உக்காந்திருக்கியே, அந்த எடத்துலதான் என் பொண்ணு தவழ்ந்தா."

"நல்ல அனுபவம்," என்று வெஸ்லி குறித்துக்கொண்டார்.

ஊட்டே அம்மாளுக்கு அக்காவின் பூப்போட்ட பைஜாமா பிடிக்கவில்லை. "கூம்புத் தொப்பி எங்கே?" என்றாள். நான் மொழிபெயர்த்தேன்.

"வெயிலுக்குப் போடறத வீட்டுக்குள்ள எதுக்கும்மா போடணும்?"

'அசல் தன்மை குறைவு' என்று மதிப்பெண் வெட்டப்பட்டது.

அக்கா மேஜையில் ஓங்கித் தட்டினாள். "சுத்தி வளைப்பானேன்? வேலையெல்லாம் வேணாம், என் வீட்டக் குடுங்க. நான் சம்பளமே இல்லாம உள்ளூர்வாசியா இருந்துட்டுப் போறேன்!"

குழு ஆடிப்போய்விட்டது. வெஸ்லிக்குக் கண் கலங்கியது.

"நான் எங்க போவேன் அக்கா? எங்க ஊர்ல எனக்கு எடமே இல்ல. வெளியூர்க்காரங்க காசோட வந்து எறங்கினாங்க. 'இவ்வளவுதானா, இவ்வளவுதானா'ன்னு வாடகைய ஏத்தி விட்டாங்க. பொறந்த தெருவ விட்டே எங்கள வெரட்டிட்டாங்க. மனசாட்சி இல்லாத ஜென்மங்க!"

என் கைக்குட்டையை எடுத்து அவரிடம் நீட்டினேன். எப்பேர்ப்பட்ட கொடுமை!

"அடப்பாவமே," என்றாள் அக்கா. "அந்த வீட்டுல அவங்களுக்குத் தூக்கம் எப்படித்தான் வருதோ?"

"நல்லா வருது அக்கா," என்று விம்மினார் வெஸ்லி. "அதான் வயிறு எரியுது."

உள்ளூர்வாசிப் பதவியை ஒத்திவைத்துவிட்டு, கனடாவில் அந்தத் தெருவுக்குள் புகுந்த அக்கிரமக்காரர்களை வன்மையாகக் கண்டித்துத் தீர்மானம் கொண்டுவந்தோம். வெஸ்லி முன்மொழிந்தார். நான் வழிமொழிந்தேன். லுவா அக்காவும் கையைத் தூக்கினாள். கீழே இறக்கச் சொன்னேன். வெளியூர்க்காரர்களுக்கு எங்கள் சந்தில் ஓட்டு கிடையாது.