அப்பா வந்து சேராத முப்பத்தோராம் நாள்

எங்கள் ஆட்களிடம் ட்ரெயிலர் வைத்திருக்கிற மனிதருக்குச் செத்தாலும் ஓய்வில்லை. ஒஸ்லோவில் யார் வீடு மாறினாலும், யாருடைய பெட்டை பெரியபிள்ளையாகிச் சாமத்தியவீடு என்றாலும், தன் காருக்குப் பின்னால் ட்ரெயிலரைக் கொளுவிக்கொண்டு போய்க் கதிரை மேசை ஏற்றி இறக்கியவர் அப்பா. அவருடைய முப்பத்தோராம் நாளுக்கும் அதே ட்ரெயிலரில்தான் சாமான் போனது. ஓட்டியது நான். (பள்ளிக்கூடத்தைப் பாதியிலை விட்டனான். லைசென்ஸ் மட்டும்தான் முழுசா எடுத்தது.)

பக்கத்து நகரமான திராமனில் சமைத்த சாப்பாடு, பூசை முடிவதற்குள் ஒஸ்லோ மண்டபத்துக்குப் போய்ச் சேர வேண்டும். வேறு ஆட்கள் கொண்டுபோகக் கேட்டும் நான் விடவில்லை. அப்பாவுக்குச் செய்யும் கடைசி வேலை என் கையால் நடக்கட்டும் என்று ஒரு வீம்பு. கிடாரத்தில் சோறு, இன்னொன்றில் ஆட்டிறைச்சிக் கறி, சோடாப் பெட்டிகள், கதிரைகள், மேசைகள். அப்பாவின் பெரிய படத்தைக் கண்ணாடி உடையாதபடி போர்வையில் சுற்றி, இரண்டு மேசைகளுக்கு நடுவில் செருகினேன்.

"பாரம் கூடவோ, பிள்ளை?" என்றார் சித்தப்பா, அப்பாவின் தம்பி.

"எழுநூற்றைம்பது கிலோ ஏத்தலாம் சித்தப்பா. ட்ரெயிலர்த் தகட்டிலை போட்டுக் கிடக்கு."

தூக்க லேசு என்று பாரமானதெல்லாம் பின்பக்கம் வைத்தேன். பெருந்தெருவில் ட்ரெயிலர் குடித்த வெறிகாரன் மாதிரி ஆடியது. பக்கத்தில் இருந்த சித்தப்பா செபமாலையைக் கையில் எடுத்தார். மாதா கேட்பதற்குள் வீதிச் சோதனைக்காரர் கண்டுவிட்டார்.

தராசில் ஏற்றி நிறுத்துப் பார்த்தார்கள். ட்ரெயிலரின் சொந்தப் பாரமும் அந்த எழுநூற்றைம்பதுக்குள் அடக்கம் என்றார் அதிகாரி.

"மீன் நிறுக்கேக்கை கூடையையுமோ சேத்து நிறுக்கிறது?" என்று சித்தப்பா தமிழில் கொதித்தார்.

கூடின பாரத்தை இறக்காமல் நகர முடியாது. அப்பா இருந்திருந்தால் ஏற்றும்போதே தடுத்திருப்பார். அவர் இனி இல்லை என்பது எனக்கு ஆஸ்பத்திரியில் விளங்கவில்லை, சேமக்காலையில் புதைக்கும்போதும் விளங்கவில்லை. அந்தத் தராசடியில்தான் விளங்கியது. குந்தியிருந்து குளறி அழுதேன்.

"எழும்பு. சாப்பாட்டைக் கொண்டு ஓடு. மேசை கதிரையோடை நான் நிக்கிறன்," என்றார் சித்தப்பா.

மண்டபத்துக்குள் கிடாரங்கள் போனபோது பூசை முடிந்து சனம் காத்திருந்தது. மெழுகுதிரி எரிந்தது. பக்கத்தில் படம் வைக்கிற இடம் வெறுமையாக இருந்தது.

"அப்பா எங்கை?" என்றா அம்மா.

 சித்தப்பாவுக்கு ஃபோன் எடுத்து, எல்லாருக்கும் கேட்கும்படி விட்டேன்.

"அண்ணை என்னோடைதான் நிக்கிறார். உதிலை ஒரு நோர்வேக்காரி காரை நிப்பாட்டி, பழஞ்சாமான் விக்கிறமெண்டு நினைச்சு, அண்ணையின்ரை படத்துப் பிறேம் என்ன விலையெண்டு கேக்கிறா."

 அம்மா என் முகத்தைப் பார்த்தா. அடி விழப்போகிறது என்றுதான் நினைத்தேன்.

"உந்த மனுசன் எந்த விசேஷத்திலை இருந்து சாப்பிட்டது? எப்பவும் சாமானுக்குக் காவல்தானே," என்று சொல்லிச் சிரித்தா. அப்பா போனபிறகு முதல் சிரிப்பு. அது நடுவிலேயே அழுகையாக மாறியது. எல்லாரும் நின்றபடியே, அழுதபடியே சாப்பிட்டோம். (மேசையும் அப்பாவோடைதானே நிண்டது.)

ட்ரெயிலர் இப்போது என் பொறுப்பில். அதன் சொந்தப் பாரத்தையும் கூட்டிப் பார்த்துத்தான் ஏற்றுவேன். கனமானதைச் சில்லின் அச்சுக்கு நேர்மேலே வைப்பேன். என்ன திறமாக ஏற்றினாலும், வெளிக்கிடும்போது யாராவது பலகையில் தட்டிக் கேட்பார்கள்:

"பிள்ளை, அப்பாவை ஏத்தீட்டியோ?"

"ஓம்," என்று சொல்லிவிட்டு, மெல்லமாக ஓட்டுவேன்.