ரோஸ் மூக்கு நிபுணர்

"மூக்கை மட்டும் காட்டுங்க. ஆணா பொண்ணான்னு ஒரு நொடியில சொல்லிருவேன். முப்பது வருசம் கலர் பாத்த கண்ணு இது, ஏமாறாது."

சிவகாசியை ஒட்டிய திருத்தங்கல் டீக்கடையில் முனியராஜ் இப்படிச் சொன்னபோது, கையில் கிளாஸோடு நின்றிருந்த நாலைந்து பேர் தங்களை அறியாமல் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். பயப்பட வேண்டாம். அவர் சொன்னது குருவி மூக்கை.

வாசகரே, கூண்டு நிபுணர் என்றொரு இனம் நம்மிடையே பெருகி வருகிறது. கூண்டுக்குள் இருப்பவை பெருகுகின்றனவோ இல்லையோ, வெளியே இருக்கும் இந்த இனம் பெருகுவது மட்டும் நிற்பதில்லை. மாடியில் ஓர் அறை, அறையில் வலையடித்த கூண்டு, கூண்டில் துளை போட்ட சின்ன மண்பானைகள், பானைகளுக்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, நாற்காலியில் பனியனோடு ஒரு மனிதர். இந்தக் காட்சியைக் கண்டால் சத்தமில்லாமல் படியிறங்கிவிடுங்கள். "லவ் பேர்ட்ஸா?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். கேட்டால் முடிந்தது. "லவ் பேர்ட்ஸ்னு சொல்லாதீக. அது வேற. இது பட்ஜி" என்று தொடங்கி, ஆஸ்திரேலியாவின் மழையளவுக்குள் நுழைந்து, தினையிலுள்ள சத்துகளைத் தாண்டி, கணவாய் மீன் ஓட்டில் சுண்ணாம்பு எவ்வளவு என்ற இடத்துக்கு அவர் வந்து சேர்வதற்குள் உங்கள் டீயில் ஆடை படிந்திருக்கும்.

நம் முனியராஜ் இந்த இனத்தின் முழு வளர்ச்சி பெற்ற மாதிரி. அச்சகத்தில் பட்டாசு லேபிள்களுக்கு நிறம் சரிபார்ப்பவர். ஓடுகிற மெஷினிலிருந்து ஒரு தாளை உருவி, வெளிச்சத்தில் சாய்த்து, "ரோஸ் தூக்குதுலே, குறை" என்பார். குறைப்பார்கள். பார்த்தால் அவர் சொன்னது சரியாகத்தான் இருக்கும். மனிதனுக்கு ஒரே ஒரு விஷயத்தில் நிஜமாகவே ஞானம் இருப்பதைப் போல ஆபத்து வேறில்லை. அதைத் தூக்கிக்கொண்டு எல்லா விஷயத்துக்குள்ளும் நுழைந்துவிடுவான்.

மனைவி கற்பகவல்லி ஜாக்கெட் தைப்பவர். அவர் நூல் எடுத்தாலும் முனியராஜ் விடமாட்டார். "இதுவா ரோஸ்? இதுல மெஜந்தா ஏறியிருக்கு. அந்தக் கண்டை எடு." இருபது வருடமாக அந்த வீட்டில் ஒரு ரோஸ் நூலும் அவர் அனுமதியில்லாமல் ஊசிக்குள் நுழைந்ததில்லை.

சாதாரண பட்ஜியில் ஆணுக்கு மூக்கு நீலம், பெண்ணுக்குப் பழுப்பு. பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் சொல்லும். பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் தெரிந்ததை ஒரு நிபுணர் வளர்ப்பாரா? முனியராஜ் வாங்கிய ஆறு குருவியும் சுத்த வெள்ளை, சிவப்புக் கண். ஆறுக்கும் ரோஸ் மூக்கு. அடர் ரோஸ் ஆண், இளம் ரோஸ் பெண் என்று அவரே ஒரு சட்டம் இயற்றி, மூன்று ஜோடி சேர்த்து, பானை கட்டிக் கல்யாணத்தை முடித்துவைத்தார். ஜோடிகளும் ஒன்றுக்கொன்று தீனி ஊட்டின, தலை கோதிவிட்டன. "பாத்தீகளா, என்ன ஒத்துமை" என்று உருகினார். ஒற்றுமைக்குக் குறைவில்லை. முட்டைதான் வரவில்லை. ஒன்பது மாதம்.

குற்றவாளி யார்? நிபுணரைத் தவிர எல்லோரும். முதலில் தினை. அப்புறம் பானை. அப்புறம் வெயில். கடைசியில் சத்தம். சுற்றுவட்டாரம் முழுக்கச் சத்தத்தைத் தயாரித்து லோடு லோடாக ஏற்றி அனுப்பிக்கொண்டிருக்கும் ஊரில் சத்தம் இருப்பதை முதன்முதலில் கண்டுபிடித்தவர் அவர்தான். சரி, கம்பெனிகளிடம் போய் வெடிச் சோதனையை நிறுத்தச் சொல்ல முடியுமா? லேபிள் ஆர்டர் அங்கேயிருந்துதான் வருகிறது. ஆகவே வீட்டில் மிக்ஸி நின்றது. குக்கர் விசில் நின்றது. மாடியறை ஜன்னலோரம் நல்ல வெளிச்சத்தில் ஓடிக்கொண்டிருந்த கற்பகவல்லியின் தையல் மிஷின் இறங்கி, மாடிப்படிக்கு அடியில் இருட்டுக்குள் போனது. தீபாவளி ஜாக்கெட்டுகள் குவிந்துகொண்டிருந்த சீசன் அது.

அடுத்த வீட்டுக் கைருன்னிசா, அடுப்படி ஜன்னலில், மிக்ஸிக்குப் பக்கத்திலேயே, ஒரு பழைய கூண்டில் இரண்டு ஃபின்ச் குருவி வைத்திருந்தார். யாரோ கொடுத்தது. எது ஆண், எது பெண் என்று அவர் யாரையும் கேட்டதில்லை. அவை மூன்றாம் முறையாகக் குஞ்சு பொரித்திருந்தன.

"ஏன் அண்ணாச்சி, நீங்க எதுக்க நாற்காலி போட்டு உக்காந்திருந்தா அதுகளுக்குக் கூச்சமா இருக்காதா?" என்றார் கைருன்னிசா, சுவருக்கு அப்பாலிருந்து.

"இது டெக்னிக்கல் விஷயம்மா. உனக்குப் புரியாது."

"புரியாமத்தான் பதினோரு குஞ்சு ஆயிப்போச்சு. வேணும்னா ரெண்டு தாரேன்."

கற்பகவல்லிக்குச் சிரிக்கத் தெம்பில்லை. இருட்டில் ஊசி கோத்துக் கோத்து அவர் கண்ணில் நீர் வடிந்துகொண்டிருந்தது.

"ஏங்க, ஆயுத பூசை வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள ஒத்த முட்டையாச்சும் காட்டுங்க. இல்லன்னா என் மிஷினுக்குச் சந்தனம் மாடியிலதான். உங்க மாப்பிள்ளைக எங்கன போவாகளோ போகட்டும்."

"வெள்ளைக்குப் பொறுமை வேணும், வல்லி."

"எனக்கு வெளிச்சம் வேணும்."

ஆயுத பூஜைக்கு நாலு நாள் இருக்கும்போது, விருதுநகரில் ஒரு பறவைக் கடையில் முனியராஜைப் பார்த்தேன். நான் எதற்கு அங்கே போனேன் என்பது இந்தக் கட்டுரைக்குத் தேவையில்லை. சிவகாசியில் பறவைக் கடை இல்லையா? இருக்கிறது. ஆனால் அங்கே அவரைத் தெரியும். கையில், ஓரங்களில் துளையிட்ட பட்டாசு கிஃப்ட் பாக்ஸ் ஒன்று. கடைக்காரர் செல்லச்சாமி மூடியை லேசாகத் தூக்கி, உள்ளேயிருந்த ஜோடியை எட்டிப் பார்த்தார். சட்டைப்பையிலிருந்த கண்ணாடியை எடுக்கக்கூட இல்லை.

"ரெண்டும் சேவலு."

"நல்லாப் பாருங்க. ஒண்ணு இளம் ரோஸ்."

"எந்த ரோஸா இருந்தா என்ன அண்ணாச்சி? வெள்ளையில சேவலுக்கு நீலம் விழாது, ரோஸ்தான். பெட்டைன்னா பழுப்புத் தட்டும். இதை யாரு ஜோடி சேத்தது?"

"ஒரு நண்பரு."

"என்ன வேலை பாக்காரு?"

முனியராஜ் கொஞ்ச நேரம் பெட்டியின் லேபிளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கலர் பாக்காரு."

"அதான்" என்றார் செல்லச்சாமி.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் உங்களுக்கும் அப்படி ஒரு நண்பர் இருக்கிறார். எல்லாத் தப்பையும் தானே செய்துவிட்டு, விசாரிக்க மட்டும் உங்களை அனுப்பிவைப்பவர். பெயர் கிடையாது, விலாசம் கிடையாது, முகத்தை மட்டும் நீங்கள் தினமும் சவரக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். போன மாதம் எந்தக் கடையில், எந்த டாக்டருக்கு முன்னால், குரலைத் தாழ்த்திக்கொண்டு அவருக்காகப் பேசினீர்கள் என்று கொஞ்சம் யோசித்து வையுங்கள்.

ஆயுத பூஜையன்று தையல் மிஷினை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனவர் முனியராஜேதான். "கூண்டு ஒரு மூலையில கெடக்கட்டும். சத்தமும் பழகணும்ல" என்றார், யாரும் கேட்காமலே. மறுநாள் காலை கற்பகவல்லி ஜன்னலை அகலத் திறந்துவைத்து உட்கார்ந்தார். ஒரு ஜாக்கெட் துணியை விரித்து, இரண்டு நூல்கண்டுகளை அதன்மேல் வைத்துக் காட்டினார்.

"ஏங்க, இதுக்கு எந்த ரோஸ்?"

முனியராஜ் துணியைப் பார்த்தார். கூண்டைப் பார்த்தார். கூண்டுக்குள்ளிருந்து ஆறு மூக்குகள் அவரைப் பார்த்தன.

"நீயே பாத்துப் போடு, வல்லி" என்றார்.